ஒரே கம்பெனி, ஒரே தோட்டா... லாட் நம்பர் மாறினா குறி மாறுமா? ரைஃபிள் வீரர்களின் பெரிய தலைவலி!

2024 ஆகஸ்ட் 1. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் பிரிவின் இறுதிச்சுற்று. கோலாப்பூர் பக்கத்து ஊர்க்காரர், ரயில்வே டிக்கெட் பரிசோதகர் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் வென்றார். இந்தப் பிரிவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அன்னிக்கு முழுக்க அவருடைய ரயில்வே வேலையும் தோனி ரசிகர் என்பதும்தான் டைம்லைனில் ஓடியது. அவர் ரைஃபிளுக்குள் போன தோட்டாவைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். ஏன்னா இந்த விளையாட்டில் ஒரு வீரர் சரியாகக் குறிபார்த்து, மூச்சை அடக்கி, டிரிகரை மெதுவாக அழுத்தி, எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் குண்டு தள்ளிப்போய் விழ வாய்ப்பு உண்டு. தப்பு கையிலும் இருக்காது, கண்ணிலும் இருக்காது. தோட்டாவும் அது உட்காரும் இடமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயிருக்கும்.

எவ்வளவு தள்ளிப்போனா சிக்கல்?

50 மீட்டர் இலக்கில் 10 புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதி. இறுதிச்சுற்றில் புள்ளிகளைத் தசமத்தில் எண்ணுகிறார்கள். நட்டநடு மையத்துக்கு 10.9. அங்கிருந்து ஒவ்வொரு 0.8 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி போயிடும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்க. 50 மீட்டர் படுத்த நிலைப் பிரிவில் கொல்கத்தாவின் ஜாய்தீப் கர்மாகர் 699.1 புள்ளிகளுடன் நான்காவது இடம். வெண்கலம் வாங்கிய ஸ்லோவேனியாவின் ரைமண்ட் டெபெவெக் 701.0. மொத்தம் 70 குண்டுகள் சுட்டு, 1.9 புள்ளி வித்தியாசம். அந்த 1.9 தோட்டாவால்தான் போச்சு என்று சொல்ல வரவில்லை. இந்த ஆட்டத்தில் பதக்கத்துக்கும் நான்காவது இடத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி எவ்வளவு சின்னது என்பதற்குத்தான் இந்தக் கணக்கு.

சேம்பர்னா என்ன?

ரைஃபிள் குழலின் பின்முனையில் தோட்டா போய் உட்கார ஒரு குடைவு இருக்கும். அதுதான் சேம்பர். தோட்டா அறை என்று வைத்துக்கொள்ளலாம். போல்ட்டை மூடினதும் தோட்டா இந்த அறைக்குள் அடைபடும். அறையைத் தாண்டியதும் குழலின் உட்சுவரில் சுருள் சுருளாகப் புரி வெட்டியிருப்பார்கள். குண்டு அந்தப் புரியைப் பற்றிக்கொண்டு சுழன்றபடி வெளியே போகும். பம்பரம் சுத்துற வரைக்கும் சாயாமல் நிற்கிற மாதிரி, சுழற்சிதான் குண்டை நேராக வைத்திருக்கிறது.

50 மீட்டர் பிரிவில் பயன்படுவது .22 லாங் ரைஃபிள் எனப்படும் சின்னத் தோட்டா. 1887 முதல் புழக்கத்தில் இருக்கிறது. குண்டு வெறும் ஈயம், எடை சுமார் 2.6 கிராம். மேலே மெழுகு அல்லது கொழுப்புப் பூச்சு. பின்னால் ஒரு மெல்லிய விளிம்பு. தோட்டாவை அறைக்குள் மேலும் போகவிடாமல் நிறுத்துவது இந்த விளிம்புதான். அதன் தடிமன் சுமார் 1 மி.மீ. தீப்பற்றும் மருந்தும் அந்த விளிம்பின் மடிப்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அங்கே தட்டினால்தான் வெடிக்கும். விளிம்பு ஒரு தோட்டாவில் கொஞ்சம் மெலிந்து, அடுத்ததில் கொஞ்சம் தடித்தால், ஊசியின் அடியும் ஒரே மாதிரி விழாது, பற்றும் வேகமும் ஒரே மாதிரி இருக்காது.

சாதாரண .22 ரைஃபிளில் இந்த அறையைக் கொஞ்சம் தாராளமாகக் குடைந்திருப்பார்கள். எந்தக் கடைத் தோட்டாவும் உள்ளே போகணும், வெளியே வரணும், அவ்வளவுதான் தேவை. போட்டி ரைஃபிளில் அப்படி இல்லை. அறை இறுக்கமாக, நீளம் குறைவாக இருக்கும். போல்ட்டை மூடும்போதே குண்டின் மூக்குப் பகுதி புரிக்குள் லேசாக அழுந்திவிடும். இதனால் ஒவ்வொரு குண்டும் குழலின் நடுக்கோட்டில், ஒரே இடத்திலிருந்து புறப்படுகிறது. துல்லியத்தின் பாதி ரகசியம் இங்கேதான் இருக்கு.

அப்போ எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லதா?

இல்லை. இதற்கு வரலாற்றில் ஒரு மோசமான உதாரணம் இருக்கிறது. விளையாட்டில் அல்ல, போரில்.

ஸ்காட்லாந்து பிரபு சர் சார்லஸ் ராஸ் வடிவமைத்து, கனடாவின் கியூபெக் நகரில் தயாரான ராஸ் ரைஃபிள் முதல் உலகப் போருக்கு முன்பு குறிசுடும் போட்டிகளில் பெரிய பேர் வாங்கியது. பிரிட்டனின் பிஸ்லி போட்டிக் களத்தில் அதற்குத் தனி மரியாதை. துல்லியத்துக்காக அதன் தோட்டா அறையை இறுக்கமாக அமைத்திருந்தார்கள். கனடாவில் தயாரான .303 தோட்டாக்கள் அளவு மாறாமல் வந்ததால் எந்தச் சிக்கலும் தெரியவில்லை. (இந்தியக் காவல் துறையில் பல பத்தாண்டுகள் இருந்த '303 துப்பாக்கி'க்கான அதே ரகத் தோட்டாதான்.)

1914-ல் போர் வந்தது. பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் ராத்திரி பகலாகத் தோட்டா தயாரித்துத் தள்ளின. அவசரத்தில் அளவுகள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தன. பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் அறை தாராளமானது. அது எதையும் விழுங்கி எதையும் துப்பியது. ராஸ் துப்ப மறுத்தது. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர்கள் விஷவாயுவைத் திறந்துவிட்டார்கள். அந்த நேரத்தில் கனடா வீரர்கள் பூட்ஸ் காலால் போல்ட்டை உதைத்துத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுடச் சுட ரைஃபிள் சூடேறியது, அறை இன்னும் அடைத்துக்கொண்டது. அந்தச் சண்டையில் உயிர் பிழைத்த சுமார் 5,000 கனடா வீரர்களில் 1,400-க்கும் மேற்பட்டோர் ராஸைத் தூக்கிப் போட்டுவிட்டு, இறந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டை எடுத்து வைத்திருந்தார்கள்.

தோட்டா அளவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பதுங்குகுழிச் சேறு, போல்ட்டின் பற்கள் மோதி மோதி நசுங்கியது எனப் பல காரணங்கள் சேர்ந்தன. பிறகு அறைகளைக் கொஞ்சம் அகலமாக்கியும் பார்த்தார்கள். வீரர்களுக்குப் போன நம்பிக்கை திரும்பவில்லை. ராஸை விடாப்பிடியாக ஆதரித்த கனடா அமைச்சர் சாம் ஹியூஸ் 1916 நவம்பரில் பதவி விலக நேர்ந்தது; அதற்குள் களத்தில் இருந்த படைகளுக்கு லீ-என்ஃபீல்டு வந்துவிட்டது.

இதில் எனக்குச் சுவாரசியமாகப் படுவது அடுத்த விஷயம். எல்லோரும் கைவிட்ட அதே ராஸைக் கனடாவின் குறிசுடும் வீரர்கள் மட்டும் கைவிடவில்லை. அவர்கள் நிதானமாகச் சுடுபவர்கள், ரைஃபிளைத் துடைத்து வைத்துக்கொள்ள நேரம் உள்ளவர்கள், நல்ல தோட்டாவாகப் பொறுக்கி எடுத்துக்கொள்ள முடிந்தவர்கள். கையில் பொறுக்கிய தோட்டா இருந்தால் ராஸ் அற்புதம். கிடைத்த தோட்டாவைப் போட வேண்டியவனுக்கு அது எமன்.

போட்டி ரைஃபிளும் இந்தக் குறிசுடும் வீரரின் ராஸ் மாதிரிதான்.

பொருந்தலைன்னு எப்படித் தெரியும்?

முதல் அறிகுறி கையிலேயே தெரியும். போல்ட் வழக்கத்தைவிடக் கடினமாக மூடும். தோட்டா மாற்றாமலே இப்படி ஆனால், பெரும்பாலும் அழுக்குதான் காரணம். .22 ரைஃபிளில் அறை முடிந்து புரி தொடங்கும் இடத்தில் கரியும் ஈயமும் மெழுகும் சேர்ந்து வளையம் மாதிரிப் படியும். பிரஷர் குக்கர் விளிம்பில் படிகிற கறை போல, ஒருநாள் விட்டால் தெரியாது, ஒரு மாதம் விட்டால் இறுகிடும். தோட்டாவைக் குற்றம் சொல்லும் முன் இதைச் சுத்தம் செய்து பார்க்கணும். பயிற்சியாளர்களிடம் இதுபற்றிக் கேட்டால் முதல் பதிலாக இதையே எதிர்பார்க்கலாம்.

அடுத்தது, சுடாத தோட்டாவை வெளியே எடுக்கும்போது வரும் சிக்கல். குண்டு புரியில் அழுந்தியிருப்பதால், போல்ட்டைத் திறந்தால் பித்தளைக் கூடு மட்டும் வெளியே வந்து, குண்டு குழலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளலாம். வெடிமருந்து உள்ளே கொட்டிவிடும். இறுக்கமான அறையில் இது நடக்கக்கூடியதே. அடைபட்ட குழலோடு அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் செய்யலாம். அதனால் ரைஃபிள் முனையை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, கையைத் தூக்கிக் கள அதிகாரியைக் கூப்பிடணும். டிரிகரை அழுத்தியும் வெடிக்காத தோட்டாவுக்கும் இதே விதிதான். உடனே போல்ட்டைத் திறக்கக் கூடாது. சில நொடி தாமதித்து வெடிக்கும் ரகமும் உண்டு.

மூன்றாவது, ரகமே பொருந்தாத தோட்டா. பெட்டியில் .22 என்று போட்டிருந்தால் எல்லா .22-க்கும் சரி என்று நினைத்துவிடக் கூடாது. அதிவேக ரகங்கள் சிலவற்றில் கூடு வழக்கத்தைவிட நீளம். போட்டி அறையில் அது புரியின் மீதே போய் இடித்து அழுத்தத்தை ஏற்றிவிடும். பெரிய ரைஃபிள்களிலும் இந்தக் குழப்பம் இருக்கு. .223 ரெமிங்டன் தோட்டாவும் 5.56 நேட்டோ தோட்டாவும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். ஆனால் .223-க்குக் குடைந்த அறையில் 5.56-ஐப் போடக் கூடாது என்பது அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு தரும் எச்சரிக்கை. புரி தொடங்கும் தூரம் இரண்டிலும் வேற வேற.

கடைசி அறிகுறி கைக்குத் தெரியாது, இலக்கில்தான் தெரியும். ஒன்பது குண்டு ஒரே இடத்தில் விழும், பத்தாவது சம்பந்தமே இல்லாமல் மேலேயோ கீழேயோ போகும். இதற்கு ஒரு சின்னக் கணக்கு. .22 குண்டு நொடிக்குச் சுமார் 325 மீட்டர் வேகத்தில் கிளம்பி, 50 மீட்டரைக் கடக்க 0.16 நொடி எடுக்கிறது. அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 12 செ.மீ. கீழே இறக்கிவிடும். வீரர் தன் சைட்டை இந்த இறக்கத்துக்கு ஏற்பத் திருத்தி வைத்திருப்பார். ஒரு தோட்டா மட்டும் நொடிக்கு 10 மீட்டர் மெதுவாகப் போனால்? கணக்குப்படி கூடுதலாக 7 மி.மீ.க்கு மேல் கீழே விழும். ஏறத்தாழ ஒரு முழுப் புள்ளி காலி. வீரர் செய்த தப்பு பூஜ்ஜியம்.

தோட்டாவைச் செய்ய முடியாது, பொறுக்கத்தான் முடியும்

பெரிய ரைஃபிள்களில் சுடுபவர்களுக்கு ஒரு வசதி உண்டு. வெடிமருந்தை எடை போட்டு, குண்டை எவ்வளவு ஆழம் உட்கார வைக்கணும் என்று அளந்து, தங்கள் அறைக்கேற்பத் தாங்களே தோட்டா தயாரிப்பார்கள். சட்டம் அனுமதிக்கிற நாடுகளில் இது தனிக் கலை. .22-ல் இது நடக்காது. தீப்பற்றும் மருந்து விளிம்பின் மடிப்புக்குள் இருப்பதால் ஒருமுறை சுட்ட கூடு குப்பைக்குத்தான். ஆலையில் எப்படி வந்ததோ, அப்படித்தான்.

அறையைத் திருத்தலாமே என்றால், அது துப்பாக்கித் தொழில்நுட்பர் லேத்தில் வைத்துச் செய்யும் வேலை. உப்புத்தாள் வைத்து வீட்டில் தேய்த்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்காதீங்க. போன உலோகம் திரும்பி வராது.

அப்போ மிச்சம் இருப்பது ஒரே வழி, லாட் டெஸ்டிங். ஒரே இயந்திரத்தில், ஒரே மூலப்பொருளில், ஒரே ஓட்டத்தில் தயாராகும் தோட்டாக்களுக்கு ஒரு லாட் நம்பர் கொடுப்பார்கள். அடுத்த ஓட்டத்தில் ஈயம் அதேதான், மருந்தும் அதேதான், பெட்டியின் நிறமும் மாறாது. ஆனாலும் நூலிழை வித்தியாசம் வந்துவிடும். அந்த வித்தியாசம் ஒரு ரைஃபிளுக்குப் பிடிக்கும், பக்கத்தில் இருக்கும் அதே மாடல் ரைஃபிளுக்குப் பிடிக்காது. சேலைக்கு ரவிக்கைத் துணி வாங்கப் போகிற அம்மாக்கள் சேலையையே கடைக்கு எடுத்துட்டுப் போவாங்களே, அந்த மாதிரி ரைஃபிளை ஆலைக்கே எடுத்துப் போகிறார்கள்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பகுதியில் எலி நிறுவனத்துக்கும், ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாபுவா நிறுவனத்துக்கும் இதற்கென்றே சோதனைக் களங்கள் இருக்கின்றன. ரைஃபிளை இரும்புப் பிடியில் பூட்டிவிடுவார்கள், மனிதக் கை படாது. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் சில பத்துத் தோட்டாக்களைச் சுடுவார்கள். 50 மீட்டரில் எந்த லாட்டின் துளைகள் நெருக்கமாக விழுகின்றன என்று மின்னணு இலக்கு பதிவு செய்யும். பிடித்த லாட் கிடைத்ததும் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொள்வார்கள். சராசரி சின்னதாக இருந்தால் மட்டும் போதாது, ஒரு குண்டுகூடத் தனியாக விலகக் கூடாது. நாற்பதில் ஒன்று ஓடிப்போனாலும் இறுதிச்சுற்றில் அது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

இந்தியாவில் சிக்கல் எங்கே?

10 மீட்டர் காற்று ரைஃபிளில் நம்மவர்கள் குவிந்திருப்பதற்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. அளவுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலக மேடைக்குப் போனது இந்தப் பிரிவில்தான். காற்று ரைஃபிளிலும் பொருத்தம் பார்க்க வேண்டும். பெல்லட் டப்பாக்களிலேயே 4.49, 4.50 என்று தலை அளவு போட்டிருக்கும். ஆனா நாலு டப்பா வாங்கி உள்ளூர் களத்திலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

.22-க்கு அந்தச் சுலபம் கிடையாது. ரைஃபிளுக்கு உரிமம் வேண்டும். தோட்டா எத்தனை வைத்திருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. விளையாட்டு வீரர்களுக்குச் சலுகையும் உண்டு. சர்வதேசத் தரத் தோட்டாக்கள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். சரி, ஒருவர் ஐரோப்பா போய் லாட் தேர்ந்தெடுத்துவிட்டார் என்றே வைப்போம். பெட்டியில் போட்டுக் கொண்டு வர முடியுமா? சர்வதேச விமான விதிகளில் ஒரு பயணிக்குத் தோட்டா வரம்பு 5 கிலோ, அதுவும் விமான நிறுவனம் ஒப்புக்கொண்டால். .22 கணக்கில் பார்த்தால் ஏறத்தாழ 1,400 தோட்டாக்கள். தீவிரப் பயிற்சியில் சில வாரங்களில் தீர்ந்துவிடும். மீதி சரக்காக, இறக்குமதி அனுமதி, சுங்கம் எல்லாம் தாண்டி வரவேண்டும்.

தேசிய அணியில், அரசின் ஒலிம்பிக் பதக்க இலக்குத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சமாளிக்க ஆதரவு இருக்கிறது. மாநிலப் போட்டியிலிருந்து தேசியப் போட்டிக்கு ஏறிக்கொண்டிருக்கும் இருபது வயதுக்காரருக்கு? சங்கத்தின் வழியாகவோ முகவரின் வழியாகவோ என்ன லாட் வந்ததோ அதுதான் கையில். 'இவரிடம் நிலைத்தன்மை இல்லை' என்று தேர்வாளர் எழுதும் குறிப்பில் எத்தனை பங்கு கைக்கு, எத்தனை பங்கு லாட்டுக்கு என்று புள்ளிப் பட்டியலைப் பார்த்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஈப்ர் பதுங்குகுழியில் கிடைத்ததைப் போட்டுச் சுட்டவர்களின் நிலைமைக்கும் இதற்கும் உயிர் ஆபத்து என்ற வித்தியாசம் இருக்கு. பொறுக்கி எடுக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி மட்டும் ஒன்றேதான்.

இதற்கு ராக்கெட் விஞ்ஞானம் தேவையில்லை என்பதுதான் கடுப்பைக் கிளப்புகிறது. பெரிய களங்கள் நாலைந்தில் ஓர் இரும்புப் பிடி, ஒரு மின்னணு இலக்கு; வரும் சரக்கில் இரண்டு மூன்று லாட்டுகளாவது கலந்திருக்கும்படி வாங்குவது; பிரிப்பதற்கு முன் ஒவ்வொருவர் ரைஃபிளிலும் ஆளுக்கு நாற்பது தோட்டா சுட்டுப் பார்ப்பது. ஒருவருக்கு ஒத்துவராத லாட் இன்னொருவருக்கு ஒத்துவரும், மாற்றிக்கொண்டால் போச்சு. ஒரே லாட்டை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டால் ரெஜிஸ்டரில் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

லாட் கிடைத்தவர்களுக்கும் நிம்மதி கொஞ்ச காலத்துக்குத்தான். ஒரு லாட் தீர்ந்துவிட்டால் அதே நம்பர் மறுபடி தயாராகாது. அதனால் நல்ல லாட்டைப் போட்டிக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, பயிற்சிக்கு வேறொன்றைச் சுடுகிறவர்கள் உண்டு. 2028 லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தயாராகும் ஒருவர் தன் லாட்டை அதற்கு முன்பே தேர்ந்தெடுத்து, பெட்டிகளை எண்ணி, வெயில் படாத இடத்தில் பூட்டி வைத்திருக்க வேண்டும். நடுவில் குழல் தேய்ந்து புதுக் குழல் மாற்றினால், புது அறைக்குப் பழைய லாட் பிடிக்குமா என்று மறுபடி முதலிலிருந்து பார்க்கணும்.